வெண்டெல் சாப்பிட்டான்

வெண்டெல் படுத்துக் கிடந்த பின்னறைக்குள் எடெல்கா மூச்சை அடக்கிக்கொண்டுதான் நுழைவாள். குளிக்காத உடம்பு, மாற்றாத விரிப்பு, திறக்காத ஜன்னல், கட்டிலடியில் பாதி குடித்துவிட்டு வைத்துத் திரிந்துபோன பால். எல்லாம் சேர்ந்து குடலைப் பிடுங்கும். நாள் முழுக்க வாத்து எச்சத்தில் நிற்கிறவளுக்கு நாற்றம் ஒன்றும் புதிதல்ல. ஆனால் கொட்டகை நாற்றத்துக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தது, பிழைப்பு இருந்தது. இந்த நாற்றத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது? தாடிக்குள் ரொட்டித் துணுக்கு ஒட்டியிருக்க, சுவரைப் பார்த்துக் கிடக்கிற ஒரு கொழுந்தன். அவனைப் பார்த்தால் அவளுக்குப் பரிதாபம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அதை அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளவும் இல்லை.

ஹங்கேரிச் சமவெளியின் மணல் பக்கம் அது. ஒரு தோட்டத்து வீட்டிலிருந்து கூவினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. நடுவில் அகாசியா மரங்களும் அறுத்துப்போட்ட சோளத்தட்டையும்தான். நவம்பர் பிறந்துவிட்டால் மூடுபனி தரையோடு ஒட்டிக்கொள்ளும், மத்தியானம் வரை கிணறுகூடத் தெரியாது. அந்த மாதத்தில்தான் வேலையும் நெரியும். மார்ட்டின் பண்டிகைக்கு ஊரெல்லாம் வாத்துக்கறி தின்றாக வேண்டும், தின்னாத வீட்டுக்கு அந்த வருஷம் விளங்காது என்று நம்பிக்கை. அதற்கு முன்னால் ஈரல் பருத்த வாத்துகளைத் தொழிற்சாலை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

ஈரல் தானாகப் பருக்காது, திணிக்க வேண்டும். எடெல்காவின் மாமியார் ரொஸாலியா கட்டைமேல் உட்கார்ந்து, வெள்ளை வெளேர் என்று இருக்கும் பெருவாத்தைத் தொடையிடுக்கில் கவ்விக்கொள்வாள். அலகைப் பிளந்து புனலைச் செருகி, உப்பும் கொழுப்பும் போட்டு ஊறவைத்த சோளத்தைப் புனலின் கைப்பிடியைச் சுற்றி உள்ளே இறக்குவாள். இன்னொரு கை கழுத்தை மேலிருந்து கீழாக நீவிக்கொண்டே இருக்கும். நாற்பது வருஷமாக அதே நீவல். மருமகளாக வந்த எடெல்காவும் அதைக் கற்றுக்கொண்டாள். கை வேகத்தில் மாமியாரையே மிஞ்சினாள். சாயங்காலம் முழங்கை வரை கொழுப்புப் பிசுக்கு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது.

முன்னெல்லாம் இந்தக் கொட்டகையின் கலகலப்பே வெண்டெல்தான். குஞ்சு வளர்ப்பது, வேலி கட்டுவது, லாரிக்காரனோடு வம்பு வளர்ப்பது எல்லாம் அவன். கோடை முடியும்போது பேச்சுக் குறைந்தது. சோள அறுவடையில் பாதி வரிசையில் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம் கட்டில்தான்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அண்ணன் திபோர், அதாவது எடெல்காவின் புருஷன், பிளம் சாராயம் ஒரு கிளாஸ் உள்ளே போனால் எழுந்துவிடுவான் என்றான். ஷாண்டோர் மாமா, ரொஸாலியாவின் தம்பி, கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்றார். அக்கம்பக்கத்துக்காரர்கள் நேரில் ஒன்றும் சொல்லாமல், தபால்காரனிடம் மட்டும் சோம்பேறி என்று சொல்லி அனுப்பினார்கள். எடெல்காவுக்கு எல்லார் வாயையும் பார்க்கவே குமட்டியது. வைத்தியம் சொல்கிற வாய் எல்லாம் கட்டிலுக்கு நாலடி தள்ளியே நின்றது.

அவளே ஒரு வைத்தியம் கற்றுக்கொண்டிருந்தாள் என்பதுதான் வேடிக்கை. மணல்பக்கத்தில் ஒவ்வொரு பனிக்காலத்திலும் யாராவது தாமாக உயிரை விட்டுப் போய்விடுகிறார்கள். பொறுக்க முடியாமல் டவுன் சுகாதார நிலையத்தில், மனச்சோர்வில் விழுந்தவர்களோடு பேசுவதற்கு ஊருக்கு ஒரு ஆளைப் பழக்குகிறோம் என்று வகுப்பு ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கத்துக்கு எடெல்கா. வியாழக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போனாள். திபோர் அவளுக்குப் பேச்சு டாக்டர் என்று பேர் வைத்தான்.

வகுப்பு எடுத்தவள் யூதித். கரகரத்த தொண்டை, ஜன்னலோரம் நின்று ஓயாமல் சிகரெட் பிடிப்பாள், மூச்சுக்கு மூச்சு இருமுவாள். மனச்சோர்வு வந்தவனுக்கு உப்பும் சர்க்கரையும் ஒரே ருசி, உங்கள் ஆறுதலும் அப்படித்தான் இருக்கும், ஆகவே புத்தி சொல்லாதீர்கள், கேளுங்கள், பதில் வரும் வரை வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எடெல்கா கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் மறந்தாள்.

மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. எதையும் சட்டுப்புட்டென்று முடித்துப் பழகிய கை அவளுடையது, வாயும் அப்படியே. கட்டிலோரம் நின்று, வெளியே வெயில் அடிக்கிறது பார், கொஞ்சம் நடந்து வா, உனக்கென்ன குறை, உன் வயசில் உன் அண்ணனுக்கு இரண்டு பிள்ளை, நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு மூச்சில் கொட்டுவாள். அவன் பதில் சொல்லாததைக் கேட்டுக்கொண்டான் என்று எடுத்துக்கொள்வாள். வெளியே வந்து வாசலில் நின்று நல்ல காற்றை இழுத்து விடுவாள். ஒரு கடன் தீர்ந்த மாதிரி இருக்கும்.

வெண்டெல் சாப்பாட்டையும் விட்டான். தட்டு போனபடியே திரும்பி வந்தது.

ஒருநாள் காலை கொட்டகையில் மாமியாரைக் காணோம். பின்னறையில் சத்தம் கேட்டு எடெல்கா ஓடினாள். ரொஸாலியா கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மகனின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாத்துக் கொழுப்பு மிதக்கிற ரவைக் கஞ்சியைக் கரண்டியால் வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். அவன் கை கரண்டியைத் தட்டிவிட்டது. கஞ்சி தாடியில் வழிந்தது.

"பாத்துக்கிட்டு நிக்கிறியே, கையப் புடிடி," என்றாள் மாமியார்.

எடெல்கா பிடித்தாள். யோசிக்கவே இல்லை. அவள் கைக்கு அது தெரிந்த வேலை. ஒருத்தி சிறகை அடக்கினால் ஒருத்தி திணிப்பாள், தினமும் செய்வதுதானே. அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து அழுத்தினாள். மாமியாரின் கை அவன் தொண்டையை மேலிருந்து கீழாக நீவியது. அவன் விழுங்கினான், மறுபடி விழுங்கினான். கண் மட்டும் எடெல்காவையே பார்த்தது. அதில் கோபம் இருந்திருந்தால் தேவலை, ஒன்றுமே இல்லை.

பிறகு எல்லாவற்றையும் எடெல்காவின் ஏப்ரன் மேலேயே வாந்தி எடுத்தான்.

கிணற்றடியில் ஏப்ரனை அலசும்போது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. வாந்தி அருவருப்பு, அவன் அருவருப்பு, மாமியார் அருவருப்பு. பிடித்துக் கொடுத்த தன் கையை வெட்டிப் போடலாம் போல இருந்தது. ரொஸாலியா வாளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் வருத்தம் இல்லை, பயம்தான் இருந்தது.

"அவரும் இப்படித்தான் மொதல்ல தட்ட ஒதுக்குனாரு," என்றாள்.

அவர் என்றால் மாமனார். எடெல்கா இந்த வீட்டுக்கு வருமுன்பே, இதே மாதிரி ஒரு இலையுதிர் காலத்தில் அவரும் தாமாகப் போனவர். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை, கேட்டால் நெஞ்சுவலி என்பார்கள்.

"பசிச்சா திம்பாருன்னு விட்டுட்டேன். இருவது வருஷமா அதே நெனப்புதான். தின்ன வெச்சிருந்தா இருந்திருப்பாரு. இவன விடமாட்டேன்."

எடெல்கா வாளித் தண்ணீரைக் கொட்டினாள். ஏப்ரனை முறுக்கிப் பிழிந்தாள்.

அந்த வியாழக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொன்னாள். பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யூதித் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கையைப் பிடித்தபோது எப்படி இருந்தது என்று கேட்டாள். அருவருப்பாக இருந்தது என்றாள் எடெல்கா. யார்மேல் என்று யூதித் கேட்டாள்.

"எல்லார் மேலயும். எம்மேலயும்."

"நல்லது," என்று யூதித் புகையை விட்டாள். "அத மறைச்சிக்கிட்டு இனிக்க இனிக்கப் பேசுறவங்களத்தான் எனக்குப் பயம். அவரப் பாத்தா உங்களுக்கே இவ்வளவுன்னா, தன்னப் பாத்தா அவருக்கு எவ்வளவு இருக்கும்? என்னைக்காவது அதக் கேட்டிருக்கீங்களா?"

எடெல்கா கேட்டதில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. கட்டிலில் கிடப்பவனுக்குத் தன் நாற்றம் தெரியாது என்று நினைத்திருந்தாள்.

அன்றைக்குப் பாடமே அதுதான், நேராகக் கேட்பது. நோயாளி இடத்தில், வகுப்புக்கு வரும் தடித்த வெளியூர்த் தபால்காரர் ஒருவர் உட்கார, எடெல்கா கேட்க வேண்டும். போய்ச் சேருவது, கண்ணை மூடுவது என்று அவள் சுற்றி வளைத்தாள். ஊர்ப்பேச்சு வேண்டாம், சாவு என்ற சொல்லையே சொல் என்றாள் யூதித். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை ஊட்டின மாதிரி ஆகாதா என்று முன்பு சிரித்த பக்கத்து ஊர்க்காரி கேட்டாள். ஆகாது, உள்ளே இருந்தால் வெளியே வரும், இல்லாவிட்டால் இல்லை என்பார்கள், இதில் கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று யூதித் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். நாள்கணக்கில் கிடந்தவர் திடீரென்று தெளிந்து, மனப்பாரம் இறங்கின மாதிரி நடமாடி, தன் பொருளை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தால் யாரும் சந்தோஷப்படாதீர்கள், உடனே கேளுங்கள். எடெல்கா அந்தச் சொல்லை ஒருவழியாகச் சொன்னாள். எச்சில் துப்ப வேண்டும் போல இருந்தது.

அதிலிருந்து கட்டிலோரம் போனால் பேசாமல் உட்கார்ந்திருக்கப் பார்த்தாள். அது கொட்டகை வேலையைவிட உயிரை எடுத்தது. கால் ஆடும், வாய் துடிக்கும், நாற்றம் ஏறும். உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தெரியவில்லை என்றான். பல வாரத்துக்குப் பிறகு வந்த முதல் பதில் அது. அதற்குமேல் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மார்ட்டின் பண்டிகை அன்று காலையில் வெண்டெல் தானாக எழுந்தான். வெந்நீர் வைத்துக் குளித்தான். தாடியை மழித்தான், கன்னத்தில் இரண்டு மூன்று இடத்தில் வெட்டிக்கொண்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்து, அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். ரொஸாலியா கரண்டியோடு நின்று அழுதாள். திபோர் தம்பியின் முதுகில் தட்டித் தட்டியே அவனை நாற்காலியில் உட்காரவைத்தான்.

மத்தியானம் விருந்து. ஷாண்டோர் மாமா புது ஒயினோடு வந்திருந்தார். வாட்டிய வாத்துத் தொடை, சிவப்பு முட்டைக்கோஸ், கொழுப்பில் புரட்டிய உருளைக்கிழங்கு. ரொஸாலியா வைத்ததையெல்லாம் வெண்டெல் சாப்பிட்டான். இன்னும் வைக்கட்டுமா என்றால் தட்டை நீட்டினான். எலும்பை உறிஞ்சினான். பண்டிகை வழக்கப்படி வாத்தின் மார்பெலும்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெள்ளையாக இருக்கிறது, இந்தக் குளிருக்குப் பனி நிறைய விழும் என்று குறி சொன்னான். போன வருஷமும் அதையேதான் சொன்னாய், முட்டி வரைக்கும் சேறுதான் வந்தது என்றார் மாமா. எல்லாரும் சிரித்தார்கள், வெண்டெலும் சிரித்தான்.

"பாத்தியா," என்று திபோர் எடெல்காவைப் பார்த்துக் கண்ணடித்தான். "உன் வகுப்பு, வாத்துத் தொடைகிட்ட தோத்துருச்சு."

தோற்றால் நல்லதுதான் என்று அவளும் நினைத்தாள். நிம்மதியாகக்கூட இருந்தது. அப்போதுதான் வெண்டெல் தன் மடக்குக் கத்தியை ரொட்டித் துண்டால் துடைத்தான். அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் சட்டைப்பையில் ஒரு கத்தி உண்டு. கல்யாண வீட்டில்கூட அதைத்தான் எடுத்து வெட்டித் தின்பார்கள். அப்பன் கத்தி மகனுக்கு வரும்தான், ஆனால் செத்தவன் பையிலிருந்துதான் வரும், உயிரோடிருப்பவன் கொடுக்கமாட்டான். வெண்டெல் அதை மடக்கி அண்ணன் தட்டுப் பக்கத்தில் வைத்தான்.

"நீ வெச்சிக்கண்ணே. ஒனக்கு இது மேல ஒரு கண்ணுதானே."

திபோருக்கு வாயெல்லாம் பல். கத்தியைச் சும்மா வாங்கினால் உறவு அறுந்துபோகும், ஒரு காசு கொடுத்துவிடு என்றார் மாமா. திபோர் பையைத் துழாவி ஒரு நாணயத்தைச் சுண்டி எறிந்தான். வெண்டெல் அதைப் பிடித்துப் பையில் போட்டுக்கொண்டான். மறுபடியும் சிரிப்பு. ஒவ்வொரு வாயிலும் கொழுப்பு மினுங்கியது. எடெல்கா கையிலிருந்த எலும்பைத் தட்டில் போட்டாள். இத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒருத்தருக்கும் கண்ணில்லை. அல்லது கண் இருக்கிறது, பார்க்கப் பிடிக்கவில்லை.

வெண்டெல் காற்று வாங்குவதாகச் சொல்லி எழுந்து போனான். அவள் கையைக்கூடக் கழுவாமல் பின்னால் போனாள்.

விறகு அடுக்குப் பக்கம் நின்றிருந்தான். பனி விலகி, மங்கலாக ஒரு வெளிச்சம். அவள் எதிரே போய் நின்றாள். முதலில் வேறு ஏதாவது பேசலாம் என்று வாய் போனது. அடக்கினாள்.

"வெண்டெல், சாகணும்னு நெனைக்கிறியா?"

அவன் ஒரு விறகின் பட்டையை நகத்தால் பிய்த்தான். இப்படிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும், உன் அம்மாவை நினைத்துப் பார் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். லாரி ஏற்றியது போகக் கொட்டகையில் மிச்சமிருந்த வாத்துகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஆமா அண்ணி," என்றான்.

வாத்துக்குத் தண்ணி வைத்தாயா என்று கேட்டதற்குச் சொல்வது போலச் சொன்னான்.

"எப்போ?"

"இன்னைக்கி. எல்லாரும் தூங்குனப்புறம்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னான். "அதுக்குத்தான் சாப்ட்டேன். நான் சாப்பிட்டத அம்மா பாத்துருச்சில்ல? அப்பாவுக்குப் பொலம்புற மாதிரி, தின்ன வெச்சிருந்தா இருந்திருப்பான்னு இனிமே பொலம்பாதில்ல."

எடெல்காவுக்கு அழுகை வந்தது. அதை அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"உள்ள எப்படி இருக்கு ஒனக்கு?"

"என்னப் பாத்தா எனக்கே கொமட்டுது. குளிச்சாலும் போகல. எல்லாரும் ரூமுக்குள்ள வந்து சிரிக்கிறாங்க. நீங்க ஒருத்திதான் மூச்ச அடக்கிக்கிட்டு வருவீங்க. நடிக்கலையேன்னு நெனச்சிக்குவேன்."

அவள் முகம் சுட்டது. இல்லை என்று சொல்ல வாய் எடுத்தாள், சொல்லவில்லை.

"அருவருப்பாத்தான் இருந்துச்சு. அன்னைக்கிக் கையப் புடிச்சேன் பாரு, அதுக்கு எம்மேலயும் அருவருப்புதான். ஆனா நீ சாகக்கூடாது. நாறிக்கிட்டே இரு. இருந்தாப் போதும் எனக்கு."

அவன் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. விறகு அடுக்கில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத நான் மறைக்க மாட்டேன். வீட்ல சொல்லுவேன். டவுன் ஆஸ்பத்திரிக்கு இப்பவே போறோம். வருவியா?"

"அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்கு வாய் வராது."

அவனைத் தனியே விடாமல் கையைப் பிடித்துக்கொண்டே உள்ளே கூட்டிவந்தாள். இந்தத் தடவை அவனும் பிடித்துக்கொண்டான். மேஜைக்கு முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல் அந்தச் சொல்லையே போட்டுச் சொன்னாள். மாமா இவளுக்கு ஒயின் தலைக்கேறிவிட்டது என்றார். திபோர் மேஜையில் அறைந்தான். நல்ல நாளும் அதுவுமாக என்ன பேச்சு இது, அவனே இப்போதுதான் எழுந்து நாலு வாய் தின்றிருக்கிறான், உன் வகுப்புப் பைத்தியத்தை வீட்டுக்குள் கொண்டுவராதே என்று கத்தினான். வாயைக் கழுவு என்றான்.

"அந்தக் கத்தி எங்கேருந்து வரும்னு தெரியாதா ஒங்களுக்கு?" என்றாள் எடெல்கா.

திபோர் தன் கையைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். வெண்டெல் இல்லை என்று சொல்லவில்லை. திபோர் உட்கார்ந்த இடத்திலேயே சிறுத்துப்போனான். அப்புறம் எழுந்து, கார் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினான். இரண்டு ஆண்பிள்ளைகளும் குடித்திருந்தார்கள், ஒயினைத் தொடாத அவள்தான் ஓட்ட வேண்டும்.

டவுனுக்கு மணல்பாதை, அப்புறம் தார்ரோடு. பின்சீட்டில் வெண்டெல் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ரொஸாலியா சமையல் ஏப்ரனோடேயே ஏறியிருந்தாள். வாத்துக் கொழுப்பு வாடை காரெல்லாம் நிறைந்திருந்தது. எடெல்கா கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுக்கொண்டாள். குமட்டல் போகவில்லை, ஆனாலும் ஓட்டினாள்.

தார்ரோடு வந்த பிறகுதான் ரொஸாலியா வாயைத் திறந்தாள்.

"அந்த வார்த்தையச் சொல்லியே கேட்டியா?"

"ஆமா அத்தை."

"கேட்டதும் சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்."

ரொஸாலியா மகனைப் பார்த்தாள். தாடி இல்லாத முகம் அவன் அப்பாவைப் போலவே இருந்தது. அவன் கை சீட்டில் கிடந்தது. அதைத் தொடலாமா வேண்டாமா என்று அவள் கை பக்கத்திலேயே தயங்கிக்கொண்டிருந்தது. பின்னோக்கும் கண்ணாடியில் எடெல்காவுக்கு அது தெரிந்தது.

"நான் அவர சாப்ட்டீங்களான்னுதான் கேட்டேன்," என்றாள் ரொஸாலியா. "தெனமும் அத மட்டுந்தான் கேட்டேன்."

எடெல்காவுக்கு ஆறுதலாகச் சொல்ல நாலைந்து வார்த்தை வந்தன. சொல்லாமல் வண்டியை ஓட்டினாள். பின்னால் வெண்டெல் தலையைத் திருப்பாமலே அம்மாவின் பிசுக்குக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.